ஆசிரியன் பிறக்க அனுமதியில்லாத இடம்: ஜெல்லி ரோல் மார்ட்டனின் இசைத்தட்டுகள்

1938 மார்ச் கடைசியில் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில், வினோதச் செய்திகளால் பேர் வாங்கிய ராபர்ட் ரிப்ளி என்பவர், டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸ் இசையைத் தோற்றுவித்தவர் என்று அறிமுகப்படுத்தினார். அப்போது வாஷிங்டனில் யூ தெருவில் ஒரு மாடி பாரில் பியானோ வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் ஜெல்லி ரோல் மார்ட்டன். மறுப்பாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஹேண்டி சொல்வது பொய், 'ஜாஸின் ராஜா' என்று பட்டம் கட்டிக்கொண்டு திரியும் வெள்ளைக்காரர் பால் வைட்மனுக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது, 1902இல் அதை உண்டாக்கியது நான்தான் என்பது கடிதத்தின் சாரம். 'டவுன் பீட்' பத்திரிகை ஆகஸ்ட் இதழில் அதைப் போட்டது. படிச்சவங்க சிரிச்சாங்க. இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

இந்தக் கடிதத்தை வெறும் பீத்தலாக வாசிப்பது சுலபம். ஒரு இசைவகையை ஒற்றை ஆள் கண்டுபிடித்துவிட முடியாது. ஞானஸ்நானப் பதிவேட்டின்படி மார்ட்டன் பிறந்தது 1890. 1902இல் அவருக்கு வயசு பன்னிரண்டுக்கு மேல் இல்லை. தன் கதைக்கு இடம் வேண்டுமென்பதால் பிறந்த வருஷத்தை 1885 என்று சொல்லிக்கொண்டார். ஆக, தகவல் தப்பு. ஆனால் தகவல் தப்பு என்பதனாலேயே ஒரு பிரதி பேசுவதை நிறுத்திவிடுவதில்லை. இந்தக் கடிதத்தைச் சொத்து வழக்கின் பிராதாக வாசித்தால் என்ன? யார்யாரோ தங்கள் பேரில் பட்டா போட்டுக்கொண்ட நிலத்தை முதலில் உழுதவன் தான்தான் என்று சொல்ல வருகிறவன், கையில் பத்திரம் இல்லாதபோது கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்பான். 1923இல் தொடங்கி 1940 வரை மார்ட்டன் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளை இந்தப் பிராதோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

ஆசிரியனின் மரணம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் போதுமான அளவு, சில சமயம் போதும் போதும் என்கிற அளவு, எழுதியாகிவிட்டது. ரொலான் பார்த் அதை எழுதியது 1967இல். இரண்டு வருஷம் கழித்து ஃபூக்கோ, ஆசிரியன் என்பவன் ஆள் அல்ல, ஒரு செயல்பாடு என்றார். பேச்சுக்காகத் தண்டிக்க ஒருத்தன் தேவைப்பட்டபோதும், பிரதி சொத்தாக மாறியபோதும் உருவான செயல்பாடு. பார்த்தைக் கொண்டாடியவர்கள் ஃபூக்கோவின் இந்தச் 'சொத்து' என்கிற வார்த்தையை வேகமாகத் தாண்டிப் போய்விட்டார்கள். ஐரோப்பிய ஆசிரியன் சில நூற்றாண்டுகள் இருந்து அனுபவித்துவிட்டுச் செத்தான். அமெரிக்கக் கறுப்பனுக்கோ ஆசிரியனாகப் பிறப்பதற்கே அனுமதி இல்லை. அவனிடமிருந்து வருவதெல்லாம் 'தானாக' வருகிறது. தாளம் ரத்தத்திலிருந்து, சோகம் பருத்திக்காட்டிலிருந்து, பாட்டு சனங்களிடமிருந்து. தானாக வருவதற்கு ராயல்டி எதற்கு? கறுப்பு இசையை மெச்சுகிற பேச்சும் அதைக் கொள்ளையடிக்கிற கணக்குப் புத்தகமும் இந்த இடத்தில் ஒரே மொழி பேசுகின்றன.

மார்ட்டனின் ஊர் நியூ ஆர்லியன்ஸ். இயற்பெயர் ஃபெர்டினாண்ட் ஜோசப் லாமோத். கிரியோல் சாதி. சாதி என்கிற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். லூயிசியானாவைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இடையில் சில பத்தாண்டுகள் ஆண்ட ஸ்பானியர்கள் தங்கள் காலனிகளில் ரத்தக்கலப்பின் படிநிலைகளுக்கு வைத்திருந்த பெயரே 'காஸ்தா'தான். பிரெஞ்சு பேசுகிற, கத்தோலிக்க, கைத்தொழில் தெரிந்த, பலர் அடிமைமுறை ஒழிவதற்கு முன்பே சுதந்திரர்களாக இருந்த நடுப்படி இவர்கள். மேலே வெள்ளையர். கீழே, நகரின் அந்தப் பக்கம் குடியிருந்த, தோட்டங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்கள். இந்த நடுப்படியைச் சேர்ந்த ஹோமர் ப்ளெஸ்ஸி 1892இல் வெள்ளையர் ரயில்பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதானார். வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 1896இல் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தீர்ப்பு. மார்ட்டனுக்கு அப்போது வயசு ஐந்து. சட்டம் ஒரே கோட்டைப் போட்டு, கிரியோலையும் கறுப்பனையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டது. இசைநாடகக் கொட்டகையின் பயிற்சி பெற்ற கிரியோல் வாத்தியக்காரர்களும், காதால் கேட்டுக் கற்ற கறுப்பு வாத்தியக்காரர்களும் அக்கம்பக்கம் உட்கார வேண்டி வந்ததில் ஜாஸ் பிறந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. கொஞ்சம் எளிமைப்படுத்திய விளக்கம். முழுசாகத் தள்ளவும் முடியாது. மார்ட்டன் மட்டும் சாகும்வரை தன் முன்னோர்கள் நேரே பிரான்சிலிருந்து வந்து இறங்கியவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குத் திரும்பி வரவேண்டும்.

ஜாஸ் என்கிற பெயரோடு முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல். வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள். கறுப்புப் பாடகிகளின் தட்டு விற்கும் என்பதே 1920இல் மேமி ஸ்மித்தின் 'க்ரேஸி ப்ளூஸ்' போட்ட போடில்தான் கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே 'இன இசைத்தட்டுகள்' என்று தனி வரிசை, தனி எண், தனி விளம்பரம் என்று ஆரம்பித்தார்கள். ரயில்பெட்டி இசைத்தட்டுக்குள் வந்துவிட்டது. மார்ட்டனின் முதல் தட்டு 1923 ஜூனில் சிகாகோவில் பதிவானது. அதற்கு முன் ஏறக்குறைய இருபது வருஷம் வளைகுடாக் கரை, சிகாகோ, கலிஃபோர்னியா என்று சுற்றிக்கொண்டிருந்தார். பியானோ பாதி நேரம்தான். மீதி நேரம் பில்லியர்ட்ஸ் சூதாட்டம், பெண்தரகு, நாடகக் கொட்டகைக் கோமாளித்தனம், பல்லில் பதித்த வைரம். அந்த இருபது வருஷத்தின் சத்தம் எதிலும் இல்லை. 'ஜெல்லி ரோல் ப்ளூஸ்' மட்டும் 1915இல் சிகாகோவில் இசைக்குறிப்பாக அச்சானது. ஜாஸ் இசையமைப்புகளில் முதலாவதாக அச்சேறியவற்றில் அது ஒன்று.

1923 ஜூலை. இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்கிற சின்ன ஊர். ஸ்டார் பியானோ கம்பெனியின் தொழிற்சாலை வளாகத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், கென்னட் ஒலிப்பதிவுக்கூடம். ரயில் போனால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது, பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று வாசிக்கணும். பெரிய முரசை அடித்தால் ஊசி குதித்துவிடும் என்பதால் அது கிடையாது. அந்த வருஷம் ஏப்ரலில் கிங் ஆலிவரின் குழுவும், அதில் இளைஞராக இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பதிவு செய்தது இதே அறையில்தான். இருபதுகளின் இண்டியானாவில் கூ க்ளக்ஸ் கிளான் மாநில அரசியலையே கையில் வைத்திருந்தது. காசு கொடுத்தால் யாருக்கும் தட்டு அடித்துக் கொடுத்த கென்னட், கிளானின் பாட்டுகளையும் அடித்துக் கொடுத்தது. ஒரே கம்பெனி, ஒரே இயந்திரம். 'பண்பாட்டுத் தொழில்' என்று ஃப்ராங்ஃபர்ட்காரர்கள் சொன்னதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் எனக்குத் தெரியாது. அது எந்தக் கருத்துக்கும் விரோதி அல்ல, வாடகை வந்தால் சரி.

அங்கே மார்ட்டன் இரண்டு வேலை செய்தார். ஒன்று, நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்கிற வெள்ளைக் குழுவோடு உட்கார்ந்து வாசித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவான மிக ஆரம்பகால ஜாஸ் தட்டுகள் அவை. ஊரில் தங்க இடம் வேண்டுமே, அதற்காக அவரை லத்தீன் அமெரிக்கர் என்று சொல்லிவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இன்னொன்று, தனிப் பியானோவாக 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்', 'தி பெர்ல்ஸ்', 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்', 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்' முதலான தன் படைப்புகளை வாசித்தது. பியானோ ஒரு முழுக்குழுவைப் போலப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. இடது கை ட்ராம்போனாக முனகும், வலது கை க்ளாரினெட்டாக மேலே நெளியும். 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்'ஸில் இடது கையில் ஓடுவது கியூபாவின் ஹபனேரா தாளம். வலது கை அதைச் சட்டை செய்யாமல் தன்பாட்டுக்கு ப்ளூஸ் பேசுகிறது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு வளைகுடாக் கடலே கிடக்கிறது. ஸ்பானியச் சாயல் இல்லாத ஜாஸ் உப்பில்லாச் சமையல் என்கிற மாதிரி பிற்பாடு சொன்னார். தூய மூலம் தேடுகிறவர்களுக்கு இந்தத் தட்டு உபயோகப்படாது.

இனி கணக்கு. 1909ஆம் வருஷச் சட்டப்படி, விற்கிற ஒவ்வொரு பதிவுக்கும் இசையமைப்பின் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கு 2 சென்ட். வாசித்தவனுக்கு அல்ல; வைத்திருப்பவருக்கு. ஒலிப்பதிவு என்கிற பொருளுக்கே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1972 வரைக்கும் பதிப்புரிமை கிடையாது. ஒரு கறுப்பு வாத்தியக்காரர் அந்தப் புனலுக்கு முன்னால் செய்த எதுவும், எழுதிப் பதிவு செய்த மெட்டு நீங்கலாக, சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. தமிழில் 'பதிவு' என்கிற ஒரே சொல் ஒலிப்பதிவுக்கும் பத்திரப்பதிவுக்கும் பொதுவாக இருக்கிறது. மார்ட்டனின் துயரம் இந்த இரண்டு பதிவுக்கும் இடையில்தான் நடந்தது. பத்திரப்பதிவு சிகாகோவின் மெல்ரோஸ் சகோதரர்களிடம் இருந்தது. வாத்தியக் கடை வைத்திருந்து இசைப் பதிப்பாளர்களாக ஆனவர்கள். மார்ட்டனின் மெட்டுகள் பலவற்றை வாங்கி அச்சிட்டார்கள். சிலவற்றுக்கு வால்டர் மெல்ரோஸ் தானே வரிகள் எழுதியதாகப் பெயரைச் சேர்த்துக்கொண்டு பங்கும் எடுத்துக்கொண்டார். யாரும் பாடாத வரிகள்.

'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' ஒன்றின் பயணம் போதும். 1905-06 வாக்கில் தான் அமைத்ததாக மார்ட்டன் சொன்னது. அந்தக் காலத்தில் எழுதி அச்சிட்டால் களவு போகும் என்று விரலிலேயே வைத்திருந்தார். 1923இல் பதிவு, 1924இல் மெல்ரோஸ் பேரில் பதிப்புரிமை. ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் அதைத் தன் பெரிய குழுவுக்காகத் திருத்தி அமைத்தார். அவரும் கறுப்பர், அவரும் கடனாளி. அந்த அமைப்பை வெள்ளைக்காரரான பென்னி குட்மன் 1935இல் வாசித்துப் பதிவு செய்ய, நாடு முழுக்க ஆடியது. 'ஸ்விங்' யுகம் பிறந்தது என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த வருஷங்களில் மார்ட்டன் அந்த யூ தெரு பாரில்தான் வந்து சேர்ந்தார். வானொலி, நடன அரங்கு ஆகியவற்றிலிருந்து இசையமைப்பாளர்களுக்குப் பணம் வசூலித்துக் கொடுக்கும் அஸ்காப் சங்கம் 1914இலேயே தொடங்கிவிட்டது. மார்ட்டனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1939இல். குட்மனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கறுப்பு வாத்தியக்காரர்களை மேடையில் பகிரங்கமாகச் சேர்த்துக்கொண்டவர் அவர். பிரச்சினை மனிதர்களின் நல்லெண்ணம் சம்பந்தப்பட்டது அல்ல.

சரி, இசைக்கு வருவோம். இவ்வளவு நேரம் பணத்தைப் பற்றியே பேசிவிட்டு, மார்ட்டன் பரிதாபத்துக்குரிய ஆள் என்கிற எண்ணத்தில் விட்டுவிட்டால் அது அவருக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம். 1926 செப்டம்பர் 15 அன்று சிகாகோவில் விக்டர் கம்பெனிக்காக 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' என்கிற பெயரில் அவர் முதல் பதிவைச் செய்தார். இப்போது மைக் வந்துவிட்டது. கார்னெட்டில் ஜார்ஜ் மிட்செல், ட்ராம்போனில் கிட் ஓரி, க்ளாரினெட்டில் ஓமர் சிமியோன், பான்ஜோவில் ஜானி செயிண்ட் சிர், பாஸில் ஜான் லிண்ட்சே, தாளத்தில் ஆண்ட்ரூ ஹிலேர், பியானோவில் மார்ட்டன். ஏழே பேர். இந்தக் குழு நடன அரங்குகளில் வாசித்துப் பழகிய குழு அல்ல, பதிவுக்காகக் கூட்டப்பட்டது. அதனால் மார்ட்டன் ஒத்திகைக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பழக்கினார். அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம்.

அன்று பதிவான 'ப்ளாக் பாட்டம் ஸ்டாம்ப்' மூன்று நிமிஷத்துக்குச் சற்று கூட. பத்தங்குலத் தட்டில் அவ்வளவுதான் இடம். மற்றவர்கள் அந்த மூன்று நிமிஷத்தை நடன அரங்கிலிருந்து வெட்டி எடுத்த துண்டாக வைத்தார்கள். மார்ட்டன் அதையே வடிவமாக எடுத்துக்கொண்டார். முதல் பகுதியில் குழு, பிறகு கார்னெட்டும் குழுவும் மாறிமாறி, பிறகு க்ளாரினெட். ஒரு குட்டிப் பாலம். இரண்டாம் பகுதி ஏழு முறை திரும்பி வருகிறது. ஒருமுறை வந்த உடையில் மறுமுறை வருவதில்லை. குழு, க்ளாரினெட், மற்றவர்கள் வாயடைத்து நிற்கத் தனியாகப் பியானோ, தாளம் விட்டுவிட்டுத் தட்ட அதன்மேல் கார்னெட், பான்ஜோ, திரும்பக் குழு. கடைசியில் அதுவரை அடக்கி வாசித்த ஹிலேரின் முரசு இறங்கும்போது அறை சற்றுத் தாழ்கிறது. எது எழுதிவைத்தது, எது அந்தக் கணத்தில் இட்டுக்கட்டியது என்று பிரித்தெடுக்க முடியாது. பின்னணியும் அமைப்பும் நான் சொன்னபடி, உன் முறை வந்தால் உன் இஷ்டம் என்பதே மார்ட்டனின் ஏற்பாடு என்று கூட வாசித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தலைவன் அதிகாரமா, தனிமனித சுதந்திரமா என்கிற நம் விவாதங்களில் இந்த மூன்று நிமிஷத்தை யாராவது போட்டுக்காட்டினால் நல்லது.

தியோடர் அடோர்னோ 1936இல் ஹெக்டர் ராட்வைலர் என்று நாய் ஜாதிப் பேரில் ஒளிந்துகொண்டு ஜாஸ் பற்றி எழுதிய கட்டுரையை நம்மில் சிலர் மேற்கோள் காட்டுவதுண்டு. ஜாஸில் இட்டுக்கட்டுவது போலிச் சுதந்திரம், உறைந்த சட்டகத்தின் மேல் ஒட்டிய அலங்காரம் என்பது அவர் வாதம். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஓட்டல் நடனக் குழுக்களைக் கேட்டுவிட்டு எழுதியது. ரெட் ஹாட் பெப்பர்ஸில் சட்டகமே ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்கிறது. அடோர்னோவை மறுக்க அவர் கட்டுரைக்குப் பத்து வருஷம் முன்பே தட்டு வந்தாகிவிட்டது. எரிக் ஹாப்ஸ்பாம் 1959இல் ஃப்ரான்சிஸ் நியூட்டன் என்கிற பெயரில் ஜாஸ் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஃப்ராங்கி நியூட்டன் என்கிற கறுப்பு ட்ரம்பெட் கலைஞரின் பெயரை இரவல் வாங்கியது அது. மார்க்சியர்கள் எல்லாரும் செவிடர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு நாள் கழித்துப் பதிவான 'டெட் மேன் ப்ளூஸ்' இன்னும் சிக்கலானது. தொடக்கத்தில் மார்ட்டனும் செயிண்ட் சிரும் சாவு மணி கேட்கிறதா என்று கோமாளிப் பேச்சுப் பேசுகிறார்கள். கறுப்பனைக் கேலிப்பொருளாக்க வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி ஆடிய மேடைக்கூத்தின் எச்சம் அது. 'சைட்வாக் ப்ளூ'ஸில் கார் ஹாரன். அடுத்த வருஷம் 'ஹயீனா ஸ்டாம்'ப்பில் ஒருத்தர் பாட்டு முழுக்கச் சிரிக்கிறார். இன்னொன்றில் ஆட்டுச் சத்தம். சொல்லப்போனால் அவமானமாக இருக்கிறது. கம்பெனி கேட்டதா, மார்ட்டனே மேடைப் பழக்கத்தில் செய்தாரா என்பது முக்கியமில்லை. தட்டுக்கு உள்ளே நுழைய ஒரு கறுப்பர் எந்த வாசல் வழியாகக் குனிந்து போகணும் என்பது அந்தப் பேச்சில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பேச்சு முடிந்ததும் ட்ராம்போன் சாவு ஊர்வல நடையைத் தொடங்க, சிரிப்பு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மூன்று க்ளாரினெட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து, மிக மெல்ல, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல ஒரு மெட்டை எடுக்கின்றன. இரண்டாம் முறை வரும்போது கீழே ஓரியின் ட்ராம்போன் வேறொரு மெட்டில் பதில் சொல்கிறது. வாசலில் குனிந்தவர் உள்ளே வந்து நிமிர்ந்த இடம் இது. இவ்வளவுக்கும் அந்தக் கூடுதல் இரண்டு க்ளாரினெட்டுக்காரர்களுக்குத் தட்டில் வேறு வேலை இல்லை. ஒரு நிறத்துக்காக மட்டும் இரண்டு பேரைக் கூலி கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார். இதைச் செய்கிறவனைத்தான் இசையமைப்பாளன் என்கிறோம்.

1928இல் நியூயார்க் போனார். நல்ல தட்டுகள் அங்கேயும் உண்டு. 1926-27இன் சிகாகோ வேகம் திரும்பவில்லை. 1930இல் விக்டர் ஒப்பந்தம் முடிந்தது. நாட்டில் பஞ்சம். ரசனையும் மாறிவிட்டது.

மூன்றாவது பதிவு அரசாங்கத்தினுடையது. 1938 மே 23 முதல், வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில், நாட்டார் பாடல் காப்பகத்துக்காக 23 வயது ஆலன் லோமாக்ஸ் மார்ட்டனைப் பேசவும் வாசிக்கவும் வைத்துத் தட்டுகளில் பிடித்தார். அந்த வருஷ டிசம்பரில் நடந்ததையும் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல். மேற்கத்திய அறைஇசைக்காகக் கட்டிய அரங்கு, பெரிய ஸ்டெய்ன்வே பியானோ, கையில் விஸ்கி.

இரண்டு பேரும் வெவ்வேறு காரியத்துக்காக அந்த அறைக்குள் வந்தார்கள். லோமாக்ஸ் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். அப்பா ஜான் லோமாக்ஸோடு தெற்கத்திச் சிறைச்சாலைகளில் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். 1933இல் லூயிசியானாவின் அங்கோலா சிறையில் லெட்பெல்லியைக் 'கண்டுபிடித்த'வர்கள் இவர்கள். லெட்பெல்லி பாட்டுகளின் பதிப்புரிமையில் லோமாக்ஸ் பெயரும் ஏறியது. இடதுசாரி, நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனாலும் அவருக்கு வேண்டியது தகவலாளி. நகரத்து ஜாஸ், நாட்டார் இசையைக் கெடுக்க வந்த வியாபாரம் என்பதே அப்போது அவர் எண்ணம். மார்ட்டனோ தகவல் சொல்ல வரவில்லை. வழக்கில் சாட்சி சொல்ல, தன் ஆசிரியத்துவத்தை அரசாங்கத் தட்டில் பதிந்துவைக்க வந்தார். கேட்டுப் பாருங்கள். 'மேப்பிள் லீஃப் ராக்'கை முதலில் மிசூரி பாணியில், பிறகு தன் பாணியில் வாசித்து, ராக்டைம் எங்கே முடிகிறது, ஜாஸ் எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறார். பழைய பிரெஞ்சு நடன மெட்டு ஒன்றைத் துண்டு துண்டாக வாசித்து அதிலிருந்து 'டைகர் ராக்' எப்படி வந்தது என்று செய்துகாட்டுகிறார். 1917இல் அந்த வெள்ளைக் குழு தன் பேரில் பதிந்துகொண்ட மெட்டு அது. மார்ட்டன் சொல்லும் வம்சாவளியை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் நிரூபிப்பது வேறு. ஜாஸ் என்பது பாட்டு அல்ல, எந்தப் பாட்டையும் எடுத்து ஆளக்கூடிய ஒரு முறை. தான் கண்டுபிடித்ததாக அவர் கோரியதும் அந்த முறையைத்தான். பேராசிரியர் யாரும் அதற்கு முன் ஜாஸை இப்படி விளக்கியதில்லை. முதல் ஜாஸ் விமர்சகர் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார். காப்பக அட்டவணையில் அவர் 'நாட்டார்'.

1950இல் லோமாக்ஸ் 'மிஸ்டர் ஜெல்லி ரோல்' என்கிற புத்தகத்தை வெளியிட்டார். மார்ட்டனின் வாய்மொழி போலவே ஓடுகிற அருமையான உரைநடை. ஒட்டியும் வெட்டியும் செப்பனிட்டது லோமாக்ஸ். அட்டையில் ஆசிரியர் பெயர் லோமாக்ஸ். தலித் தன்வரலாறுகளை யாரோ கேட்டு எழுதுகிற நம் சூழலிலும் தெரிந்த ஏற்பாடுதான். தட்டுகளிலேயும் வெட்டு விழுந்தது. நாற்பதுகளின் கடைசியில் சந்தைக்கு வந்தபோது விபசார விடுதிகளின் பச்சைப் பாட்டுகள் நீக்கப்பட்டன. அதில் 'தி மர்டர் பாலட்' ஒன்று. ஏழு பகுதிகளாக அரைமணிக்கு நெருங்க ஓடுகிற ஒரே ப்ளூஸ். புருஷனைப் பறிக்க வந்தவளைக் கொன்று சிறைக்குப் போகிற ஒருத்தியின் கதை, சிறைக்குள் பெண்களுக்கிடையிலான காமம் உட்பட. வியாபாரத் தட்டின் மூன்று நிமிஷத்தில் தன்னைச் செதுக்கிக்கொண்ட அதே மனிதர், கடிகாரம் இல்லாத இடத்தில் பெண்குரலில் அரைமணி நேரம் பாடுகிறார். 1993இல்தான் வெளிவந்தது. முழுத்தொகுப்பு 2005இல், எட்டு குறுந்தகடுகளாக. அடுத்த வருஷம் அதற்கு இரண்டு கிராமி விருது.

இப்போது தள்ளிவைத்த விஷயம். மார்ட்டனின் உரிமைக்கோரல் வெள்ளையர்களுக்கு எதிரானது மட்டும் இல்லை. முன்னோர்கள் பிரான்சிலிருந்து வந்தவர்கள் என்கிற அதே மூச்சில்தான் ஜாஸை உண்டாக்கியது நான் என்கிறார். நடுப்படியில் நின்றுகொண்டு கீழ்ப்படியைத் துடைக்கிறார். அவருக்கு முன்பே நகரின் அந்தப் பக்கத்தில் கறுப்புச் சனங்களை ஆடவைத்த பட்டி போல்டனை, பலமாக ஊதக்கூடியவர் என்று புகழ்ந்துவிட்டு, அவர் வாசித்தது ராக்டைம்தான் என்று ஒதுக்கிவிடுகிறார். போல்டனுக்கு ஒரு தட்டும் கிடையாது. மறுக்க ஆள் இல்லை. 1992இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஜெல்லிஸ் லாஸ்ட் ஜாம்' நாடகத்தில் ஜார்ஜ் சி. வுல்ஃப் மார்ட்டனைச் செத்தபிறகு விசாரணைக் கூண்டில் ஏற்றினார். தன் கறுப்பை மறுத்தவன் என்பது குற்றச்சாட்டு. குற்றம் உண்மை. ஆனால் நாடகம் மனசாட்சியை விசாரிக்கிறது, படிக்கட்டை விசாரிக்கவில்லை. ஒருத்தரை ஆசிரியன் என்று ஒத்துக்கொள்ள ஐரோப்பியப் பரம்பரைதான் தகுதிச் சான்றிதழ் என்கிற ஊரில், அவர் அந்தச் சான்றிதழைப் போலியாகவாவது தயாரித்துக்கொண்டார். அதற்காக அதை மன்னித்துவிடலாம் என்று சொல்லவில்லை. அவர் வாயும் கையும் ஒத்துப்போவதில்லை என்பதைக் கவனிக்கணும். வாய் பிரான்ஸ் என்கிறது. கை 'ஜங்கிள் ப்ளூ'ஸில் ஒரே தாளத்தை நகராமல் இடித்துக்கொண்டிருக்கிறது.

காங்கிரஸ் நூலகத் தட்டுகளில் ஓரிடம் உண்டு. 1900 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் சார்லஸ் என்கிற கறுப்புத் தொழிலாளியைப் போலீஸ் அடிக்க வந்தது. அவர் திருப்பிச் சுட்டார். சில நாட்கள் ஒளிந்திருந்து, கடைசியில் சூழ்ந்துகொண்ட கும்பலோடு தனியாளாகத் துப்பாக்கிச் சண்டை போட்டுச் செத்தார். போலீஸ்காரர்களும் வெள்ளையர்களும் செத்தார்கள். அதற்குள் வெள்ளைக் கும்பல் தெருவில் அகப்பட்ட கறுப்பர்களைக் கொன்றது; லஃபோன் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியது. க்ளாரினெட் கலைஞர் பிக் ஐ லூயி நெல்சனின் அப்பாவும் அந்தக் கலவரத்தில் செத்தவர். மார்ட்டனுக்கு அப்போது ஒன்பது வயசு. லோமாக்ஸிடம் இந்தக் கதையை விரிவாகவே சொல்கிறார். ராபர்ட் சார்லஸ் பற்றி ஒரு பாட்டும் இருந்தது என்கிறார். கெட்டவர்கள் எல்லாருக்கும் பாட்டு இருந்ததுபோல அவருக்கும். அது தனக்குத் தெரியும், ஆனால் அமுக்கிவிட்டார்கள், வம்பை வளர்க்கிற பாட்டு அது, உலகத்தோடு சமாதானமாகப் போக வேண்டித் தானும் அதை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய சாராயக்கடை மெட்டுகளை, இன்ன வீட்டில் இன்னார் இன்ன சுருதியில் வாசித்தது என்று விரல்நுனியில் வைத்திருந்த மனிதர் அவர்.

1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மார்ட்டன் செத்தார். 1950 வரை கல்லறையில் கல் இல்லை. கடைசி வருஷங்களில் பெரிய குழுவுக்காக அவர் எழுதிய 'கான்ஜாம்' போன்ற, பழைய மார்ட்டனை அடையாளமே தெரியாத இசைக்குறிப்புகள் ஒரு சேகரிப்பாளரின் காகிதக்கட்டுகளில் கிடந்து, தொண்ணூறுகளில்தான் வெளியே வந்தன. அவற்றுக்கு அவர் கையால் ஒலிப்பதிவு இல்லை. 2018இன் சட்டத்திருத்தப்படி, 1923இன் கென்னட் தட்டுகள் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து. 'ப்ளாக் பாட்டம் ஸ்டாம்ப்' பதிவுக்கு அந்தத் தேதி 2027 ஜனவரி 1. 2005இன் முழுத்தொகுப்பில் வெட்டப்பட்ட பச்சைப் பாட்டுகளெல்லாம் திரும்பி வந்துவிட்டன. ராபர்ட் சார்லஸ் பாட்டு அதில் இல்லை. வேறு எந்தத் தட்டிலும் மார்ட்டன் அதைப் பாடவில்லை.